ஏழாவது இலக்கம்

பக்கத்து மேலாளர் அறையில் தொலைபேசி தடாலென்று வைக்கப்பட்டது. இரண்டு அறைகளுக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்புதான். அதில் தொங்கிய நாட்காட்டி ஒருமுறை ஆடி நின்றது.

"போச்சு," என்றாள் அடுத்த மேஜைக்காரி. "இது உங்களுக்குத்தான் அக்கா."

"எப்படிடி சொல்ற?"

"மத்தவங்களுக்குன்னா போனை வைப்பாரு. உங்களுக்குன்னா அடிப்பாரு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிட்டது.

"கேள்வியம்மா! கொஞ்சம் உள்ள வாங்க!"

கேள்வியம்மா என்பது அந்த அக்காவைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மாடியில் இருக்கும் டாக்டர்கள் எரிச்சலில் வைத்தது. அந்தப் பெரிய மருத்துவமனையின் பின்கட்டில், சலவை அறையைத் தாண்டி, வெந்நீர்க் குழாய்கள் ஓடும் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது மெடிக்கல் கோடிங் பிரிவு. ஒரு நோயாளிக்கு என்ன வந்தது, என்ன செய்தார்கள், எப்படி வீட்டுக்குப் போனார் என்று டாக்டர்களும் நர்ஸுகளும் எழுதி வைப்பதையெல்லாம் வரி விடாமல் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அங்கே வேலை. எழுதியது தெளிவாக இல்லை என்றால் டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம். மற்றவர்கள் வாரத்துக்கு ஒன்று அனுப்பினார்கள். இவள் ஒரு நாளைக்கு மூன்று அனுப்பினாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

மேலாளர் நாற்காலியில் உட்காரவில்லை. அவருக்கு எப்போதும் எதுவோ அவசரம். நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே கையெழுத்துப் போடுவார். "அவசரம் சார்" என்றுதான் முதுகுக்குப் பின்னால் அவரை எல்லோரும் சொல்வார்கள்.

"மூணு குழந்தை கேஸ்ல என்னம்மா கேட்டு வச்சிருக்கீங்க? குழந்தை டாக்டர் போன்ல கொதிக்கிறாரு."

"நேத்து ஒரு தடவ கேட்டேன் சார். 'எழுதியிருப்பதுபோல் போடவும்'னு ஒரு வரியில பதில் வந்துச்சு. அதான் காலையில மறுபடி கேட்டேன்."

"மறுபடியா! ஒரு தடவ கேட்டாலே அந்த மனுஷன் முகத்தைத் தூக்கி வச்சுக்குவாரு. இன்னிக்கு நாலு மணிக்கு மூணு குழந்தையும் டிஸ்சார்ஜ். மூட்டை முடிச்செல்லாம் கட்டியாச்சு. அப்பன்காரன் வண்டியில மூணு சீட்டு மாட்டிட்டு வாசல்ல நிக்கிறானாம்."

"அதனாலதான் சார் மறுபடி கேட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேள்விய வாபஸ் வாங்கிடுங்கம்மா. அவர் எழுதினதையே போட்டு ஃபைலை மூடுங்க. உங்க மேல தப்பு வராது. அவர் எழுத்து, அவர் பொறுப்பு."

"குழந்தை யாரோட பொறுப்பு சார்?"

"இதான்! இதுக்குத்தான் உங்களுக்கு அந்தப் பேரு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் அவசரம் சார்.

அப்படி என்னதான் கேட்டாள் அவள்?

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு சிசேரியனில் மூன்று குழந்தைகள் பிறந்தன. மூன்றும் பெண். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எடை. குறை மாதம் என்பதால் கண்ணாடிப் பெட்டியில் வளர்ந்து, தேறி, அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பின. ஒரு பிரசவம்தான், ஆனால் கோடிங் மேஜைக்கு வருவது நான்கு கோப்புகள். அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. அந்த அம்மாவின் கோப்பில்தான் கேள்வியம்மாவின் விரல் நின்றுபோயிருந்தது.

கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேன், முதல் சிசுவுக்கு இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தது. அதே சிசுவின் தொப்புள்கொடியில் மூன்று ரத்தக் குழாய்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கின்றன என்றும் எழுதியிருந்தது. அந்த வரிகள் அப்படியே, முதலில் பிறந்த குழந்தையின் கோப்புக்குப் போயின. குழந்தை டாக்டர் கவனமான மனிதர். பிறந்த மூன்றாம் நாளே முதல் குழந்தையின் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. சில குழந்தைகளுக்கு அது தானாகவே சரியாகிவிடுவது உண்டு. "சரியாகிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டு குழந்தைகளை ஸ்கேன் செய்ய வேண்டிய காரணமே அவருக்கு இல்லை.

ஆனால் ஒரு சங்கதி. ஸ்கேனில் போடும் வரிசை வேறு, பிறக்கிற வரிசை வேறு. கர்ப்பப்பையில் எது எல்லாவற்றுக்கும் கீழே படுத்திருக்கிறதோ, அதுதான் ஸ்கேனில் முதலாவது. சுகப்பிரசவத்தில் அதுவே முதலில் வெளியே வரும். சிசேரியனில் அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. வயிற்றைத் திறந்ததும் டாக்டரின் கைக்கு எது வாகாக அகப்படுகிறதோ அது முதல் குழந்தை. கீழே கிடந்தது இரண்டாவதாக வரலாம், மூன்றாவதாகவும் வரலாம். இது எல்லா டாக்டருக்கும் தெரியும். ஆனால் மூன்று குழந்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, மூன்று குழுக்கள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு ஓடிய அந்த நேரத்தில், எது எந்த இடத்திலிருந்து வந்தது என்று யாரும் எழுதவில்லை. கொடியின் குழாய்களை எண்ணிக் குறிக்கும் கட்டமும் மூன்று கோப்பிலும் காலியாகவே கிடந்தது.

அம்மாவின் கோப்பில், சிசுவுக்கு உள்ள குறையைக் காட்டும் குறியீட்டுக்கு ஏழு இலக்கங்கள். கடைசி இலக்கம், அந்தக் குறை எந்தக் குழந்தைக்கு என்று சொல்ல வேண்டும். டாக்டர் எழுதியதை வைத்துக் கேள்வியம்மா '1' என்று போடத்தான் போனாள். போடுவதற்கு முன், கோப்பின் கடைசியில் செருகியிருந்த லேப் அறிக்கையைப் படித்தாள். நஞ்சுக்கொடியையும் தொப்புள்கொடியையும் சோதித்த அறிக்கை. அது பிரசவம் முடிந்து பல நாள் கழித்து வரும். வந்ததும் நேராக அந்தப் பின்கட்டுக்குத்தான் போகும். மாடியில் அதை யாரும் பார்ப்பதில்லை.

எந்தக் கொடி எந்தக் குழந்தையுடையது என்று லேபுக்குத் தெரிய வேண்டுமே? அதற்காக ஆபரேஷன் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் பிறந்த குழந்தையின் கொடியில் ஒரு கிளிப் போடுவார்கள். இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. லேப் எழுதியிருந்தது இதுதான்: இரண்டு கிளிப் போட்ட கொடியில் ரத்தக் குழாய் இரண்டே இரண்டு. மற்ற இரண்டு கொடியிலும் மூன்று மூன்று.

கேள்வியம்மா அந்த வரியை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தாள். அப்படியானால் ஸ்கேனில் பார்த்த அந்தச் சிசு, பிறந்ததில் இரண்டாவது. வீங்கிய சிறுநீரகம் இரண்டாவது குழந்தையிடம் இருக்கிறது. டாக்டர் சோதித்ததோ முதல் குழந்தையை. உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல், அந்தப் பச்சை மண் நாலு மணிக்கு வீட்டுக்குப் போகப் போகிறது!

போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். சொல்லக் கூடாது. கோடிங் வேலையின் முதல் விதியே அது. கேள்வி கேட்கலாம், பதிலை ஊட்டக் கூடாது. இந்தத் தாளில் இப்படி இருக்கிறது, அந்தத் தாளில் அப்படி இருக்கிறது, தெளிவுபடுத்தவும் என்று எழுதலாம். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. நோயைத் தீர்மானிப்பது டாக்டர், கோடர் அல்ல. அந்தக் கோட்டைத் தாண்டினால் அவள் போடும் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. இந்த எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதைத் தாண்டியதில்லை.

எட்டு வருஷம் என்பது கோடராக. மருத்துவமனைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இருபத்து மூன்று வயதில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். "வணக்கம், யாரு வேணும்?" என்று அவள் கேட்கும் குரலுக்கே பாதி நோய் போய்விடும் என்பார்கள். ஒருநாள் அவள் நாற்காலியில் ஒரு மெஷின் வந்து உட்கார்ந்தது. ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்றது. அவளைக் கோப்பு வண்டி தள்ளப் போட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் உடைந்துபோயிருப்பார்கள். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே கோப்புகளைப் படிக்க ஆரம்பித்தாள்.

கோடிங் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். உறவுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பொண்ணு படிக்க வேண்டிய வயசுல அம்மா படிக்கிறாளாம்" என்றாள் நாத்தனார். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நாப்பது மாடி லிஃப்டுக்குள்ள ஓடுற வயரெல்லாம் நான் கத்துக்கலையா? மனுஷனுக்குள்ள ஓடுற வயரை நீ கத்துக்க மாட்டியா?" என்றார். பத்து வயது மகள் சமையலறையில் கரண்டியால் அம்மாவின் கையில் ஒவ்வொரு எலும்பாகத் தட்டிப் பெயர் கேட்டாள். தப்பாகச் சொன்னால் தட்டு பலமாக விழும். மூன்றாவது தடவை அவள் பாஸ் செய்தபோது, மணிக்கட்டில் இருக்கும் எட்டு எலும்புகளும் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அப்படி வந்தவள். கேள்வியை வாபஸ் வாங்குவாளா?

"மன்னிச்சிடுங்க சார். அவர் பதில் வராம என்னால ஃபைலை மூட முடியாது," என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்கு வந்தாள். நான்கு கோப்புகளையும் மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவு படாரென்று திறந்தது. வெள்ளைக் கோட்டோடு ஒரு டாக்டர் அந்த அறைக்குள் வந்து யாரும் பார்த்ததே இல்லை. அடுத்த மேஜைக்காரி வாயில் வைத்த கவளத்தை விழுங்க மறந்துபோனாள்.

"இங்க யாரு அந்தக் கேள்வியம்மா?"

அவள் எழுந்து நின்றாள். "நான்தான் டாக்டர்."

அவர் ஒரு நொடி தயங்கினார். "இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே?"

"முன்னாடி எக்ஸ்சேஞ்சுல இருந்தேன் டாக்டர். நீங்க புதுசா வேலைக்குச் சேர்ந்தப்ப தினமும் ராத்திரி உங்க அம்மாவுக்கு லைன் போட்டுக் குடுத்திருக்கேன்."

தணிந்துபோன முகத்தை அவர் மறுபடி இறுக்கிக்கொண்டார். இரண்டு நாள் தூங்காத கண்கள். "சரி, அது கிடக்கட்டும். முதல் குழந்தைக்குக் கிட்னியில பிரச்சினைன்னு ஸ்கேன்ல இருந்துச்சு. நான் பார்த்தேன். இல்ல. இல்லன்னு எழுதிட்டேன். இதுல உங்களுக்கு என்ன புரியல?"

"புரியலன்னு கேக்கல டாக்டர். மூணு தாளும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல."

"என்ன ஒத்துப்போகல? சொல்லுங்களேன்!"

"அதை நான் சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதா? ரெண்டு நாளா என் உயிரை எடுத்துட்டு, நேர்ல வந்து கேட்டா சொல்லக் கூடாதா?"

தடுப்புக்கு மேலே அவசரம் சாரின் நெற்றி தெரிந்தது. அந்த நெற்றி முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"கேக்கத்தான் டாக்டர் எனக்கு அனுமதி. பதில் உங்களோடதா இருக்கணும். நான் சொல்லி நீங்க எழுதினா அது என் எழுத்தாயிடும்." அவள் கோப்பிலிருந்து தாள்களை உருவினாள். "ரெண்டே நிமிஷம். தயவுசெஞ்சு உக்காந்து படிச்சுப் பாருங்க."

தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். மூன்று தாள்களை மேஜையில் வரிசையாக வைத்தாள். கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேன், சிசேரியன் குறிப்பு, லேப் அறிக்கை. வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரல் தன்னை அறியாமல் எந்த வரியையாவது சுட்டிக்காட்டிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

டாக்டர் உட்காரவில்லை. குனிந்து படித்தார். முதல் தாளை வேகமாகப் பார்த்தார். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவது தாளில் நின்றார்.

"இது எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள் சாயந்திரம். நேரா இங்கதான் வரும் டாக்டர்."

மறுபடி முதல் தாளுக்குப் போனார். மறுபடி மூன்றாவது. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சலவை அறை இயந்திரம் தடதடவென்று சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் உதடு அசைந்தது.

"இரண்டு கிளிப் போட்ட கொடி…"

அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"ரெண்டாவது," என்றார் டாக்டர். யாரிடமும் சொல்லவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. "ரெண்டாவது குழந்தை. நான் பார்த்தது வேற குழந்தையை."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் அவர் படியில் ஓடும் சத்தம் மேலே மேலே போய்த் தேய்ந்தது.

அதற்குப் பிறகு அந்த இரண்டரை மணி நேரத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. விழுந்த நாற்காலியை நிமிர்த்தக்கூடத் தோன்றாமல், நின்றுகொண்டே வேறு கோப்புகளை எடுத்தாள். ஒரு கை முறிவு. ஒரு தொண்டைக் கட்டி. எண்களைப் போட்டாள், இரண்டு தடவை சரிபார்த்தாள். மனம் மட்டும் மாடியில் இருந்தது. தியேட்டரில் யாராவது கிளிப்பை மாற்றிப் போட்டிருந்தால்? லேபில் தப்பாக எண்ணியிருந்தால்? ஒன்றுமில்லாத ஒரு சிசுவை அழவைத்து, ஒரு தாயின் வயிற்றில் புளியைக் கரைத்த பாவம் தனக்கு வந்து சேருமோ? "அக்கா, டப்பாவைத் திறங்க. சாப்பிடாம இருந்தா உங்களுக்கும் ஒரு கோட் நம்பர் போட வேண்டியிருக்கும்," என்றாள் அடுத்த மேஜைக்காரி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவைத் திறந்து, அப்படியே மூடி வைத்தாள்.

மூன்று மணி இருபது நிமிஷத்துக்கு, இரண்டாவது குழந்தையின் கோப்பில் புதிய தாள் ஒன்று திரையில் வந்தது.

இடது சிறுநீரகம் இரண்டு மடங்கு வீங்கியிருக்கிறது. சிறுநீர் இறங்கும் குழாயில் அடைப்பு. டிஸ்சார்ஜ் நிறுத்தப்பட்டது. மருந்து தொடங்கப்பட்டது. சிறுநீரக நிபுணருக்குச் சொல்லியாயிற்று. இப்போது கண்டுபிடித்திருப்பதால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

அதன் கீழே, அவள் கேட்ட கேள்விக்குப் பதில். "முன்பு நான் எழுதியது தவறு. ஸ்கேனில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட சிசு, பிறந்த வரிசையில் இரண்டாவது குழந்தை."

கேள்வியம்மா அம்மாவின் கோப்பைத் திறந்தாள். ஆறு இலக்கங்கள் காத்துக்கொண்டிருந்தன. ஏழாவது இடத்தில் '2' என்று போட்டாள். மூக்குக்கண்ணாடி மங்கியது. துடைக்கத் தோன்றவில்லை. அவசரம் சார் மெதுவாக வந்து, கீழே கிடந்த நாற்காலியைத் தன் கையாலேயே நிமிர்த்தி வைத்தார்.

"உக்காருங்கம்மா," என்றார். பிறகு அவர் வாழ்நாளிலேயே சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார். "ஒண்ணும் அவசரமில்ல."

வீட்டுக்குப் போனபோது முகத்தைப் பார்த்ததுமே வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "என்ன, முகத்துல ஆயிரம் விளக்கு எரியுது?"

நோயாளிகளைப் பற்றி வீட்டில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. "ஒரு நம்பரை மாத்திப் போட்டேன்."

"என்ன நம்பர்?"

"ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு."

"அம்மா, அதுக்கா இந்தச் சிரிப்பு?" என்றாள் இப்போது கல்லூரிக்குப் போகும் மகள். "நாங்க கணக்குல தினமும் பண்றோமே, எங்களுக்கு மார்க்குதான் போகுது!"

வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்தார். எத்தனையோ லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவைத் திறந்து வெளியே விட்டவர் அவர். ஒருவரைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்கு வரும் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எதுவும் கேட்காமல், தன் தட்டிலிருந்த நல்ல பங்கை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் முற்பகல், கோடிங் பிரிவின் கதவை யாரோ தட்டினார்கள். அந்தக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை டாக்டர் நின்றிருந்தார். கையில் ஒரு காகித உறை.

"வரலாமா?"

"வாங்க டாக்டர்!" அவசரம் சார் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். டாக்டர் அவரைத் தாண்டி நேராகக் கேள்வியம்மாவின் மேஜைக்கு வந்தார்.

"போன வாரம் அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. அடைப்பை எடுத்தாச்சு. கிட்னி தப்பிச்சிடுச்சு. நேத்து பார்த்தேன். மூணுல இதுக்குத்தான் வாய் ஜாஸ்தி, கத்தி ஊரைக் கூட்டுது."

"நல்லா இருக்கட்டும் டாக்டர்," என்றாள் அவள்.

"அந்தம்மா, யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டாங்க. கீழ ஒரு மேடம் இருக்காங்க, நாங்க எழுதறதை எங்களைவிட நல்லா படிப்பாங்கன்னு சொன்னேன்."

அடுத்த மேஜைக்காரி மூக்கை உறிஞ்சினாள். "தூசி அக்கா, தூசி," என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

டாக்டர் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். சிசேரியன் குறிப்புப் படிவம். ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும்போது எழுத வேண்டிய பகுதியில், புதிதாக ஒரு வரி காலியாக விடப்பட்டிருந்தது.

"பிரசவ டாக்டருங்களும் நாங்களும் நேத்து உக்காந்து பேசினோம். இனி இந்த வரியை நிரப்பாம யாரும் தியேட்டரை விட்டு வெளிய வரக் கூடாதுன்னு முடிவு. என்ன கேக்கணும்னுதான் ஆளாளுக்கு ஒண்ணு எழுதினாங்க. எதுவும் சரியா வரல." அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். "கேள்வி கேக்கத் தெரிஞ்சவங்க நீங்கதான். நீங்களே எழுதிக் குடுங்கம்மா."

இருபத்தைந்து வருஷத்தில், அந்த மருத்துவமனையின் எந்தப் படிவத்திலும் அவள் கையெழுத்து வந்ததில்லை. அடுத்தவர் எழுதியதைப் படித்துப் படித்தே காலம் போயிருந்தது. அவள் பேனாவை வாங்கினாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"வெளியே எடுத்த வரிசைப்படி ஒவ்வொரு குழந்தையும், ஸ்கேனில் எந்த எண்ணாக, கர்ப்பப்பையின் எந்தப் பக்கத்தில் இருந்தது?"

டாக்டர் படித்தார். தலையாட்டினார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. தாளை மடிக்காமல், மை காயும்வரை விரித்தபடியே கையில் பிடித்துக்கொண்டார்.

"சாயந்திரமே அச்சுக்குப் போயிடும். வரேம்மா."

"வாங்க டாக்டர்."

அவசரம் சார் முந்திப்போய்க் கதவைத் திறந்து பிடித்தார். டாக்டர் வெளியே போனார். தாழ்வாரத்தில் அவர் காலடி ஓசை படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. அவசரம் சார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார்.